போனவரும் இருப்பவனும்

ஐயா,

நான் ஆதரிக்கும் கால்பந்து கிளப்பை விட்டு இரண்டு வருடம் முன்பு போன ஸ்ட்ரைக்கர், அதாவது முன்வரிசையில் நின்று கோல் அடிப்பவர், திரும்பி வரப்போகிறார் என்று பேச்சு அடிபடுகிறது. அவருக்கு இப்போது 31 வயது. போகும்போது கிளப்பைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவே இரண்டாகிவிட்டது. துரோகிக்கு இங்கே இடமில்லை என்று ஒரு கூட்டம், கோல் அடிக்கிறவன் யாராக இருந்தால் என்ன என்று இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது. இப்போது அந்த இடத்தில் ஆடுகிற 22 வயதுப் பையன் வெறும் ஒப்புக்குச் சப்பாணி. அவனை உட்காரவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தச் சண்டையில் பள்ளிக்கால நண்பன் ஒருவன் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். போனவர் திரும்பி வரலாமா? வந்தால் அவருடைய பழைய 9ஆம் எண் சட்டை அவருக்குத்தானே? இந்த வயதில் அவருக்கு அவ்வளவு சம்பளம் நியாயமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சம்பளத்தை முதலிலேயே தள்ளிவைத்துவிடுவோம். கொடுக்கப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.

துரோகம் என்ற பேச்சும் எனக்கு அலுத்துவிட்டது. வேண்டாத வீரனை கிளப் ஒரே நாளில் விற்கும்போது யாரும் சட்டையைக் கொளுத்துவதில்லை. ஸ்பெயின் ஸ்ட்ரைக்கர் ஃபெர்னாண்டோ டோரஸ் 2007இல் தன் கிளப்பான அட்லெட்டிகோ மாட்ரிட்டை விட்டு இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனார், அங்கிருந்து செல்சிக்குப் போனார். 2015 ஜனவரியில் அவர் திரும்பியபோது, ஆட்டமே இல்லாத நாளில், வரவேற்க மட்டும் பல்லாயிரம் பேர் மைதானத்துக்கு வந்தார்கள். கோபம் ஆறுகிற வேகம் ஊருக்கு ஊர் வேறு. அவ்வளவுதான் விஷயம்.

வந்தால் கோல் அடிப்பாரா? எந்தப் பக்கம் வாதாடினாலும் சாட்சி கிடைக்கும். டிர்க் கௌட் தன் பழைய டச்சு கிளப் ஃபெயனூர்டுக்குத் திரும்பி, 2017இல் லீக்கின் கடைசி நாளில் 36 வயதில் ஹாட்ரிக் அடித்து, 18 வருடம் கழித்து அவர்களுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். இத்தாலியின் மிலன் கிளப்பின் செல்லப்பிள்ளை ஷெவ்சென்கோ 2008இல் லோனில் (ஒரு சீசனுக்கு இரவலாக) திரும்பி ஒரு சீசன் முழுக்க ஆடியும் லீக்கில் ஒரு கோல் இல்லை. உங்கள் குழுவில் இந்த இரண்டு பெயரையும் போடுங்கள். இன்னும் ஒரு மாதம் சண்டை ஓடும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு வரி. "அவனை உட்காரவைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை." எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! குழுவில் அத்தனை பேர் கத்துகிறீர்கள். அந்தப் பையனுக்காக ஒருவர்கூடவா பேசவில்லை?

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செல்சி தன் பழைய ஸ்ட்ரைக்கர் லுகாகுவை 97.5 மில்லியன் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதே மாதம், சிறுவயதிலிருந்து அந்த கிளப்பிலேயே வளர்ந்த ஸ்ட்ரைக்கர் டாமி ஆபிரகாமை இத்தாலியின் ரோமாவுக்கு விற்றது. முந்தைய சீசனில் செல்சிக்காக அதிக கோல் அடித்தவர்களில் அவரும் ஒருவர். லுகாகு அந்த சீசனில் லீக்கில் அடித்தது எட்டு. ஆபிரகாம் ரோமாவுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து அடித்தது 27. வரவு செலவு பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் கடிதம் வந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது ஆபிரகாமை அல்ல, ஜான் ஆல்ட்ரிட்ஜை. சில நாட்களாகவே அவருடைய பழைய வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

1987இல் லிவர்பூலின் ஸ்ட்ரைக்கர் இயன் ரஷ் இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். அந்த இடத்துக்கு வந்தவர் ஆல்ட்ரிட்ஜ். லிவர்பூலிலேயே பிறந்தவர், அந்த அணியைக் கேலரியில் நின்று பார்த்து வளர்ந்தவர். மீசை, முகஜாடை எல்லாம் அச்சு அசலாக ரஷ் மாதிரியே இருக்கும். முதல் முழு சீசனிலேயே லீக்கில் 26 கோல். அணி சாம்பியன். இத்தாலியில் ரஷ் லீக்கில் அடித்தது ஏழுதான். சரி, கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். 1988 ஆகஸ்டில் ரஷ் திரும்பி வந்துவிட்டார்.

26 கோல் அடித்தவன் வேறு என்னதான் செய்ய வேண்டும், சொல்லுங்கள். ஆல்ட்ரிட்ஜ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த சீசனிலும் லீக்கில் 21. ரஷ்தான் பல நாள் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு 1989 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்து கிளப்புகளின் நாக்-அவுட் போட்டி) இறுதி ஆட்டம். எதிரணி எவர்டன். மைதான நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் பலர் இறந்த ஹில்ஸ்பரோ துயரம் நடந்து ஐந்தே வாரம் ஆகியிருந்தது. நான்காவது நிமிடத்தில் ஆல்ட்ரிட்ஜ் கோல் அடித்தார். இரண்டாவது பாதியில் அவரை வெளியே அழைத்துக்கொண்டு ரஷ்ஷை இறக்கினார்கள். கூடுதல் நேரத்தில் ரஷ் இரண்டு கோல் போட்டார். 3-2. இதைப் பார்த்த பிறகு ரஷ் திரும்பி வந்தது தப்பு என்று யாரால் சொல்ல முடியும்? என்னாலும் முடியாது. அங்கேதான் எனக்கு வலிக்கிறது. திரும்பி வந்தவர் சோடைபோனால் இருந்தவனுக்கு ஒரு நியாயமாவது மிஞ்சும். வந்தவர் ஜெயித்துவிட்டால் அதுவும் இல்லை.

அதே வருடம் செப்டம்பரில் ஆல்ட்ரிட்ஜை ஸ்பெயினின் ரியல் சொசைடாடுக்கு விற்றார்கள். கடைசி ஆட்டம் கிரிஸ்டல் பேலஸுக்கு எதிராக, 9-0. அவர் முதல் பதினொன்றில் இல்லை. பெனால்டி கிடைத்ததும் அதை அடிப்பதற்காகவே இறக்கினார்கள். வந்தார், அடித்தார். ஆட்டம் முடிந்ததும் ஜெர்சி, பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டுப் போனார். அந்த ஒன்பதில் ரஷ் அடித்ததும் ஒன்று உண்டு. ஆனால் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆல்ட்ரிட்ஜைத்தான் பேசுகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எனக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. கல்லூரி அணியில் ஒரு சீசன் நான்தான் ஸ்ட்ரைக்கர். பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஓடுவேன், முட்டுவேன், பந்து எப்படியோ உள்ளே போகும். எனக்கு முன்னால் அந்த இடத்தில் ஆடிய சீனியர் வேறு கல்லூரிக்குப் போயிருந்தார். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திரும்பி வந்து சேர்ந்தார். பயிற்சியாளர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பட்டியலை ஒட்டிவிட்டுப் போய்விட்டார். சீனியர் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டார், ஜெயித்தோம். கோப்பையோடு எடுத்த போட்டோவில் நானும் இருக்கிறேன், ஓரத்தில், சேறு படாத ஜெர்சியோடு. அவர்மேல் எனக்கு அன்றும் கோபமில்லை. அருமையான மனிதர், பூட்ஸ் லேஸை எப்படி இறுக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கோபமெல்லாம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன்மேல். "இத்தனை நாள் சும்மா ஒருத்தனை ஆடவிட்டு வேடிக்கை பார்த்தாங்களே" என்றான். நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்ததே அந்தச் சும்மா ஒருத்தன் அடித்த கோல்களால்தான்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கேட்டது அவன் குரல், தம்பி. வருத்தப்படாதீர்கள், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த 22 வயதுப் பையன் ஆடிய ஆட்டத்தில் எத்தனையை முழுதாகப் பார்த்தீர்கள்? ஹைலைட்ஸில் கோல்தான் வரும். இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடி, பின்னால் வருகிறவனுக்கு இடம் திறந்துவிடுவது வராது. தொண்ணூறு நிமிடமும் கோல்கீப்பரைத் துரத்தி அவசரப்படுத்துவது வராது. நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரிடம் முதுகில் இடி வாங்கிக்கொண்டே பந்தை நிறுத்தி வைப்பது வராது. போனவருடைய பழைய கோல்களை யூடியூபில் வரிசையாகப் போட்டுப் பார்த்துவிட்டு, இவனை நேற்றைய 0-0 ஆட்டத்தில் பார்க்கிறீர்கள். இப்படி ஒப்பிட்டால் போனவரே தன் முன் நின்று தோற்றுப்போவார். 31 வயதில் அவர் அந்த வீடியோவில் இருக்கிற மனிதர் அல்ல.

அப்புறம் உங்கள் நண்பர். அவரும் அந்தப் பையனைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார், அதனால் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம்தான். இருந்தாலும் முதலில் போன் செய்ய வேண்டியது நீங்கள். பேச விஷயம் வேண்டுமென்றால் ஆல்ட்ரிட்ஜ் வீடியோவை அனுப்புங்கள்.

9ஆம் எண் கேட்டிருந்தீர்கள். 2021இல் ரொனால்டோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பியபோது 7ஆம் எண் ஸ்ட்ரைக்கர் கவானியிடம் இருந்தது. முந்தைய சீசனில் அந்தச் சட்டையில் 17 கோல் அடித்தவர். மறுபேச்சில்லாமல் அதைக் கொடுத்துவிட்டு 21ஐ வாங்கிக்கொண்டார். அடுத்த சீசனில் அடித்தது இரண்டு கோல். காயங்களும் காரணம், எண் மட்டுமல்ல. கவானி அதற்குள் எல்லாவற்றையும் பார்த்து முடித்த ஆள், கொடுத்தார். 22 வயதுப் பையனிடம் போய் அதைக் கேட்காதீர்கள். உங்கள் ஸ்ட்ரைக்கர் தாராளமாக வரட்டும். 19 காலியாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்