துப்ரோவ்னிக் அசலா? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நாங்கள் ஜெர்மனியில் வசிக்கிறோம். இந்தக் கோடை விடுமுறையில் குடும்பத்தோடு குரோஷியா போய்வந்தோம். துப்ரோவ்னிக்கைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கடலோரத்தில் மதில் சூழ்ந்த மத்தியகால நகரம் என்று படித்துப் படித்து மனதில் ஒரு படம் வைத்திருந்தேன். போன அன்று காலையிலேயே வழிகாட்டி அதை உடைத்துவிட்டார். பெரிய வீதியில் இருக்கும் வீடுகளெல்லாம் 1667 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டியவை, கூரை ஓடுகளில் பெரும்பகுதி 1991 போருக்குப் பிறகு மாற்றியவை என்றார். அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் 'இது அசலா?' என்ற கேள்விதான். கூட்டம் வேறு. மதில்மேல் நடந்தோம் என்று சொல்ல முடியாது, வரிசையில் நகர்ந்தோம். என் மனைவி "பெரிய சினிமா செட்" என்று சொல்லிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டாள். எனக்கு மறுத்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஊர்களில் பழையது என்று உண்மையில் என்ன எஞ்சியிருக்கிறது? எதைப் பார்க்க வேண்டும்? அக்டோபரில் மறுபடி அந்தப் பக்கம் போகிறேன். ஒரு நாள் கையில் இருக்கும். அதே ஊருக்குப் போகலாமா, வேறு எங்காவது போகலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

வழிகாட்டி சொன்னது சரி. நல்ல ஆள் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார், நிறையப் பேர் அதைச் சொல்லாமலே ஊரைச் சுற்றிக் காட்டி அனுப்பிவிடுவார்கள். 1667 ஏப்ரல் 6 காலை வந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் ஊரின் பெரும்பகுதியை அழித்தன. ஆயிரக்கணக்கானோர் செத்துப்போனார்கள். அன்று அந்த ஊரே ஒரு சிறிய குடியரசு, அதன் தலைவரே இடிபாட்டில் மாண்டார். மதில், சுங்கச்சாவடியான ஸ்பொன்ஸா மாளிகை போலச் சிலதுதான் பெரிய சேதமில்லாமல் நின்றன.

ஆனால் செட் என்ற சொல்லில் எனக்கு ஒரு இடறல் இருக்கிறது. செட் போடுகிறவர் பழசு மாதிரி தெரிய வேண்டும் என்று போடுவார். 1667க்குப் பின் ஸ்ட்ராடூன் என்ற அந்தப் பெரிய வீதியைக் கட்டியவர்களுக்கு அந்த எண்ணமே இல்லை. அதற்கு முன் அங்கே வீட்டுக்கு வீடு முகப்பு வேறு, அலங்காரம் வேறு. இடிந்த பிறகு அரசு ஒரே மாதிரி கட்டச் சொன்னது. ஒரே உயரம். கீழே கடை, கடைக்குக் கதவும் சன்னலும் ஒரே வளைவுக்குள். அந்தச் சன்னல் திண்டுதான் கல்லாப்பலகை, அதன்மேல் வைத்துத்தான் சரக்கை விற்றார்கள். சமையலறை மேல்மாடியில், தீப்பிடித்தால் வீடு முழுக்கப் பரவாமலிருக்க. நீங்கள் நடந்துபோன வீதியில் இதெல்லாம் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை கடைவாசலை மட்டும் நின்று பாருங்கள்.

என்னை யோசிக்கவைப்பது இதுதான். குடும்பத்தில் பாதிப்பேரைப் பறிகொடுத்து, பெட்டியில் இருந்த பொன்னையும் இழந்து நிற்கிற பிரபுக்களிடம் போய், "உன் வீடு பக்கத்து வீட்டைவிட ஒரு அடிகூட உயரக் கூடாது" என்று ஓர் அரசு எப்படிச் சொல்ல முடிந்தது? சொன்னதும் அவர்கள் எப்படிக் கேட்டார்கள்? அந்தப் பழக்கம் ஒரே நாளில் வந்ததல்ல. 1272லேயே அந்த ஊருக்கு எழுதிவைத்த சட்டத்தொகுப்பு உண்டு. வீதி, வீடு, துறைமுகம், வரதட்சணை எல்லாம் அதில் வரும். 1296இல் ஒரு பெரும் தீ. அப்போதும் இதையேதான் செய்தார்கள், எரிந்த வடபகுதியைக் கோடு போட்டுப் புதிதாகத் திட்டமிட்டார்கள். ஆக, 17ஆம் நூற்றாண்டுக் கல்லால் கட்டியிருந்தாலும் அந்த வீதிக்குப் பின்னாலிருக்கும் மூளை 13ஆம் நூற்றாண்டுடையது. உங்கள் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய இவ்வளவுதான்: அந்த ஊரில் மத்தியகாலம் என்பது ஏற்பாடுகள். சுவரின் வயதைக் கேட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இந்தச் சுவர் எதற்காக இங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், ஊர் பேச ஆரம்பிக்கும்.

சும்மா காலாலேயே சோதித்துப் பார்க்கலாம். ஸ்ட்ராடூனின் நடுவில் நின்றால், வடக்கே போகும் சந்துகள் எல்லாம் நேர்நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, படிக்கட்டாக ஏறும். தெற்குப் பக்கம் அப்படியில்லை, வளைந்து, முட்டி, எங்கோ கொண்டுபோய் விடும். ஏனென்றால் தெற்கே இருப்பது பழைய குடியிருப்பு, பாறைத் தீவுபோல் தனித்து இருந்தது. நீங்கள் நிற்கும் அந்தப் பளபளப்பான வீதி ஒருகாலத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த ஆழமில்லாத கடல்நீர். அதைத் தூர்த்துத்தான் இரண்டு ஊரை ஒன்றாக்கினார்கள். நிலநடுக்கமோ பீரங்கியோ இந்த அமைப்பை மாற்றவில்லை.

தண்ணீரும் அப்படித்தான். மேற்கே இருக்கும் பீலே வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கும் பெரிய வட்டத் தொட்டியின் படியில் கட்டாயம் உட்கார்ந்திருப்பீர்கள், எல்லோரும் உட்காருகிறார்கள். நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து வந்த ஒனோஃப்ரியோ 1438இல் முடித்த வேலை. சுமார் 12 கிலோமீட்டர் தூரத்து ஊற்றிலிருந்து, சரிவை மட்டும் நம்பி தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டியின் மேல்பகுதிச் சிற்பங்கள் 1667இல் போய்விட்டன. 16 கல்முகங்கள் மிச்சம். அசல் பொருள் வேண்டும் என்றால் இதோ, இதைத் தொட்டுப் பார்க்கலாம், குடிக்கவும் குடிக்கலாம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது ரெக்டர் மாளிகை. அவர்தான் அந்தச் சிறிய குடியரசின் தலைவர், பதவிக்காலம் ஒரே ஒரு மாதம். 1358 வரை ஊர் வெனிஸின் கையில் இருந்தது, வெனிஸ் அனுப்பிய ஆள்தான் ஆண்டார். அவர்களை வழியனுப்பிவிட்டு ஹங்கேரி அரசருக்குக் கப்பம் கட்டிக்கொண்டு, உள்விவகாரத்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். வெனிஸின் தலைவருக்கு டோஜ் என்று பெயர், அவர் சாகும்வரை டோஜ். இவர்களுக்கு அது பயமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் யாரையும் அந்த நாற்காலியில் விடவில்லை, மறுபடி வர இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாதமும் அவர் குடும்பத்தை விட்டுவிட்டு மாளிகையிலேயே தங்க வேண்டும், அரசு வேலை இருந்தாலொழிய வெளியே போகக் கூடாது. கௌரவமான சிறை. இரவில் நகர வாசல்களின் சாவிகள் அவரிடம் வந்துசேரும். பெருமன்றத்துக்குள் நுழையும் கதவின் மேல் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: சொந்தக் காரியத்தை மறந்துவிட்டுப் பொதுக் காரியத்தைக் கவனியுங்கள்.

(இவ்வளவு எச்சரிக்கையான ஆட்கள் வெடிமருந்தை அதே கட்டடத்துக்குள் வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1435இல் வெடித்தது. திருப்பிக் கட்டினார்கள். 1463இல் மறுபடியும் ஒரு வெடிமருந்து விபத்து. எச்சரிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு போலிருக்கிறது.)

ரொம்ப உயர்வாக நினைத்துவிடவும் வேண்டாம். மன்றத்தில் உட்காரும் உரிமை 1332 வாக்கில் சில குடும்பங்களோடு மூடப்பட்டுவிட்டது. வெளியே இருந்தவர்களுக்கு அதில் இடமில்லை. மாளிகை முற்றத்தில் இருக்கும் மார்பளவுச் சிலை மிஹோ ப்ராட்சாட் என்ற கப்பல் முதலாளியுடையது. பெருஞ்சொத்தைக் குடியரசுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர், பிரபுக் குலம் இல்லை. அப்படிப்பட்ட ஒருவருக்கு அந்த அரசு வைத்த சிலை அது ஒன்றுதான். 1416இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்ததும் இதே ஆட்கள்தான், அதுவரை அதில் காசு பார்த்ததும் இதே ஆட்கள்தான். பிற்பாடு ஒட்டோமான் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 டுகாட் பொற்காசு கட்டினார்கள். வீரம் என்று இதில் எதுவுமில்லை, கணக்குதான். அந்தக் கணக்கில்தான் 1808 வரை தாக்குப்பிடித்தார்கள். அந்த ஆண்டு நெப்போலியனின் தளபதி மார்மோன் ஒரே உத்தரவில் கதையை முடித்தார். அவ்வளவு பெரிய மதில் அந்த நாளில் எந்த உதவியும் செய்யவில்லை.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது. வழிகாட்டி உங்களை லாசரெத்திக்கு அழைத்துப் போனாரா? போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், கிழக்கே ப்ளோச்சே வாசலைத் தாண்டி, மதிலுக்கு வெளியே இருப்பதால் பலரும் விட்டுவிடுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், வரிசையாக நீண்ட கூடங்கள், நடுவே முற்றங்கள். வெளியூர் வணிகர்களையும் அவர்கள் சரக்கையும் நோய்க்காகத் தடுத்து வைத்த இடம். அதன் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. 1348இல் கொள்ளைநோய் ஊரைச் சூறையாடியது. 1377 ஜூலை 27 அன்று பெருமன்றம் ஒரு தீர்மானம் போட்டது: நோய் பரவிய இடத்திலிருந்து வருகிறவர் மிர்கான் என்ற சிறுதீவிலோ பக்கத்து ஊரான சாவ்டாட்டிலோ ஒரு மாதம் தங்காமல் ஊருக்குள் வரக் கூடாது. உள்ளூர்க்காரர் யாராவது அங்கே போய் அவர்களைப் பார்த்தால் அவரும் ஒரு மாதம் அங்கேயே இருக்க வேண்டும். நோயில்லாதவர்போல் தெரிகிறவரையும் குறிப்பிட்ட நாள் காக்கவைப்பது என்று ஓர் அரசு சட்டமாகவே எழுதியது, நமக்குக் கிடைத்திருக்கும் பதிவுகளில், அதுதான் முதல்.

அந்த ஊருக்குத்தான் அது தோன்றியிருக்க முடியும் என்று நினைக்கிறேன். விவசாய நிலம் குறைவு. தானியம் கடல்வழி வர வேண்டும், பணமும் கடல்வழிதான். வாசலை அடைத்தால் பட்டினி, திறந்தால் நோய். ஆகவே வாசலுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு மாதத்தைச் செருகினார்கள். கொரோனா சமயத்தில் நீங்களும் ஏதோ ஓர் அறையில் நாள் எண்ணியிருப்பீர்கள் இல்லையா, அந்த ஏற்பாட்டின் பிறந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் உங்கள் மனைவி ஐஸ்கிரீம் வாங்கியிருக்கிறார்.

ஸ்பொன்ஸா மாளிகை சுங்கச்சாவடி, 1516க்கும் 1522க்கும் இடையே கட்டியது. உள்முற்றத்தில் தராசு தொங்கிய இடத்துக்கு மேலே ஒரு வாசகம்: எங்கள் எடைக்கற்கள் ஏமாற்றவும் விடாது, ஏமாறவும் விடாது, நான் சரக்கை நிறுக்கும்போது கடவுள் என்னை நிறுக்கிறார். இன்று அங்கே ஆவணக் காப்பகம் இருக்கிறது. பிரான்சிஸ்கன் மடத்து மருந்துக்கடை 1317இல் தொடங்கியது, மருந்தோடு ரோஜா களிம்பும் விற்கிறார்கள். போகலாம், போகாவிட்டாலும் பாதகமில்லை.

இனி ஓடுகள். இதில் நான் உங்களோடு சண்டையே போடுவேன். 1991 அக்டோபரில் யூகோஸ்லாவியப் படையின் முற்றுகை தொடங்கியது, டிசம்பர் 6 அன்றுதான் மிக மோசமான குண்டுவீச்சு. பழைய நகரின் 824 கட்டடங்களில் 563இல் குண்டு பட்டதாக யுனெஸ்கோ கணக்கெடுத்தது. 1979லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருந்த ஊர், ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலுக்குப் போய் 1998 வரை அதிலிருந்தது. மதில்மேல் நின்று பார்த்தால் பளிச்சென்ற செங்கல்நிற ஓடுகளுக்கு நடுவே ஆங்காங்கே வெளிறிப்போன பழுப்பு மஞ்சள் ஓடுகள் தெரியும். அவைதான் தப்பியவை. எவ்வளவு குறைவு என்று எண்ணிப்பார்த்தாலே போதும். நகர வாசல்களில் எந்தெந்த வீட்டில் என்ன விழுந்தது என்று வரைபடமும் வைத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பவர்கள் குறைவு. புதிய ஓட்டைப் போலி என்று எடுத்துக்கொண்டால் அந்த மக்கள் ஒழுகுகிற வீட்டில் இருந்திருக்க வேண்டும் என்று ஆகிவிடும்.

கூட்டத்தைப் பற்றிய உங்கள் எரிச்சல் மட்டும் முழுக்க நியாயம். உள்ளூர்க்காரர்களுக்கும் அதே எரிச்சல்தான். மதிலுக்குள் குடியிருந்தவர்கள் வீட்டை வாடகை அறைகளாக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு இத்தனை கப்பல்தான் என்று நகராட்சி கட்டுப்பாடு கொண்டுவந்திருக்கிறது. கோடையில் பகல் பதினொரு மணிக்கு மதில்மேல் ஏறச் சொல்லும் பயணக் குறிப்புகளை எழுதுகிறவர்கள் அங்கே ஏறியிருப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகம். அங்கே நிழலே கிடையாது.

அக்டோபருக்கு என் யோசனை: காலையில் ஸ்டோன், மாலையில் துப்ரோவ்னிக். ஸ்டோன் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் வடமேற்கே. 1333இல் குடியரசின் கைக்கு வந்த இடம். குன்றின்மேல் ஏறி இறங்கும் அதன் மதில் இன்றும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது. அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு நீள மதில் என்று தோன்றும். கீழே பாத்திபாத்தியாக உப்பளம் தெரியும், பதில் அதுதான். உப்பு அரசின் ஏகபோகம், வருமானத்தில் பெரும்பங்கு. இன்றும் அங்கே உப்பு எடுக்கிறார்கள். 1996இல் ஸ்டோனிலும் நிலநடுக்கம் வந்தது, பழுதுபார்த்துக் கட்டிய வீடுகள் நிறைய உண்டு, அதனால் சுவரின் வயதை அங்கேயும் கேட்காதீர்கள்.

மாலை கப்பல்கள் கிளம்பியபின் துப்ரோவ்னிக்கின் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள், பூஸ்டியேர்னா என்பார்கள். 1667இல் இடிந்து, திரும்பக் கட்டாமலே விட்ட வீடுகளின் மிச்சம் அங்கே இருக்கிறது. உங்கள் மனைவிக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன், செட் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

ஸ்டோன் மதிலில் ஏறுவதானால் பிடிமானமுள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள், படிகள் செங்குத்து. மறுபக்கம் மாலி ஸ்டோனில் இறங்கினால் சிப்பி உணவகங்கள்தான் வரிசையாக இருக்கும். சைவம் என்றால் சாப்பிட்டுவிட்டே ஏறுங்கள்.

அன்புடன்.