'மைட்' என்று பேசித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவிலில் நர்ஸாக இருந்தேன். மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் தேறி, இப்போது மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள பெரியவர்கள் பேசுவது பாதிதான் புரிகிறது. நான் பேசினால் 'என்ன, என்ன?' என்று கேட்கிறார்கள். ஆஸ்திரேலியர்களைப் போலவே பேசப் பயிற்சி எடுக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரி, மருந்து கொடுக்கும் இடத்தில் பேச்சு புரியாமல் போவது சின்ன விஷயம் இல்லை. கட்டாயம் பயிற்சி எடுங்கள். ஆனால் 'டே' என்பதை 'டை' என்றும், 'மேட்' (நண்பா) என்பதை 'மைட்' என்றும் இழுப்பதில் தொடங்க வேண்டாம். அவை உங்கள் காதுக்குப் பிடிபட்டால் போதும். சொல்லின் கடைசி 'ர்' அங்கே கரைந்துவிடும். 'கார்' வெறும் 'கா' ஆகும். இளம் ஊழியர்கள் பலர் சாதாரணத் தகவலைக்கூடக் குரலை உயர்த்தி முடிப்பார்கள். கேள்வி என்று நினைத்துத் தடுமாறாதீர்கள். 'ஆர்வோ' என்றால் பிற்பகல், 'பிரெக்கி' என்றால் காலை உணவு. ஏபிசி வானொலியில் நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சிகளைத் தினமும் கேளுங்கள். செய்தி வாசிப்பவரைவிட அவர்கள்தாம் உங்களுக்கு நல்ல ஆசிரியர்கள்.

'ஆஸ்திரேலியர்களைப் போல' என்கிறீர்கள். எந்த ஆஸ்திரேலியரைப் போல? மிட்செல், டெல்பிரிட்ஜ் என்ற அறிஞர்கள் 1965இலேயே அந்நாட்டுப் பேச்சை மூன்று வகையாகப் பிரித்துக் காட்டினார்கள். மெல்போர்னில் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் பிறந்து, 1950களில் குடியேறி, இன்றும் தாய்மொழிச் சாயலோடு பேசும் முதியவர்கள் ஏராளம். உங்கள் தமிழ்ச் சாயலும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாற்ற வேண்டியவை வேறு. மாத்திரையும் 'பில்', கட்டணச் சீட்டும் 'பில்' என்று ஒரே மாதிரி எழுதுகிறோம். மாத்திரையைச் சொல்லும்போது உதட்டிலிருந்து காற்று வெடித்து வர வேண்டும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், அவர்கள் காதில் கட்டணச் சீட்டு விழுந்துவிடுகிறது! வாய்க்கு முன் மெல்லிய தாளைப் பிடித்துச் சொல்லுங்கள். தாள் ஆட வேண்டும். 'டீ', 'காபி' போன்ற சொற்களின் முதல் ஒலிக்கும் இதே பயிற்சிதான்.

இதைவிட முக்கியம் அழுத்தம். நாம் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை ஒடுங்கும். 'மெடிசின்' என்றால் முதல் அசை, 'மெடிகேஷன்' என்றால் 'கே', 'டயபீட்டிஸ்' என்றால் 'பீ'. அழுத்தம் இடம் மாறினால், எழுத்தெல்லாம் சரியாக இருந்தும் கேட்பவர் திணறுவார். பணியில் அன்றாடம் வரும் சொற்களை எழுதி, ஓங்கும் அசைக்குக் கீழே கோடிட்டு, உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

எண்களில் மட்டும் உச்சரிப்பை நம்பவே வேண்டாம். 'தர்ட்டீன்', 'தர்ட்டி' இரண்டும் அந்த ஊர்க்காரர்களுக்குள்ளேயே குழம்பும். 13 மில்லிகிராம் என்றால் 'ஒன், த்ரீ' என்று இலக்கங்களைத் தனித்தனியாகவும் சொல்லுங்கள். உங்களிடம் யாராவது அளவு சொன்னால், அதே முறையில் திருப்பிச் சொல்லி, அவர் 'ஆம்' என்ற பிறகே மருந்தை எடுங்கள்.