நெற்றி எப்படிப் பசக்கும்?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் படிக்கும் மகளும் நானும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு காமத்துப்பால் படித்து வருகிறோம். 'முயங்கிய கைகளை ஊக்கப் பசந்தது பைந்தொடிப் பேதை நுதல்' (1238) என்ற குறளில் நின்றுவிட்டோம். 'பசந்தது' என்பதற்கு ஓர் உரையில் 'வெளிறியது' என்றிருக்கிறது, இன்னொன்றில் 'மஞ்சளானது' என்றிருக்கிறது. "பச்சை என்ற சொல்லோடு உறவு இருக்கும் போலிருக்கிறதே, நெற்றி பச்சையாகவா மாறும்?" என்று மகள் கேட்கிறாள். எது சரி? இந்த வினையை இன்று எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். பச்சை, பசுமை, பாசி, பசத்தல் எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் பழந்தமிழின் பசுமை இன்று நாம் பச்சை என்று சொல்லும் நிறத்தோடு நிற்பதில்லை. இலையில் தொடங்கிப் பொன் வரைக்கும் போகிறது. பசும்பொன் என்று இன்றும் சொல்கிறோமே! நீங்கள் நின்ற குறளிலேயே அது இருக்கிறது: பைந்தொடி என்றால் பசும்பொன் வளையல். அவள் கையில் இருக்கும் பொன்னின் நிறச்சொல்லையே நெற்றிக்கும் வினையாக வைத்திருக்கிறார் வள்ளுவர்.

சிவந்தது, சிவக்கும், சிவப்பு என்பது போலவே பசந்தது, பசக்கும், பசப்பு. 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம். நிறவினை உணர்ச்சியைச் சொல்வது தமிழுக்குப் பழைய வழக்கம். கறுப்பதும் சிவப்பதும் கோபத்துக்கு, பசப்பது பிரிவுக்கு.

அந்த நிறம் எப்படி இருக்கும் என்பதற்குக் குறுந்தொகை 98ஆம் பாட்டை விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. தலைவன் வரவில்லை. தலைவி தோழியிடம் சொல்கிறாள்: நம் தோட்டத்துப் பசும்புதரில் மழைக்குப் பூத்த பீர்க்கம்பூவில் சிலவற்றைக் கையில் எடுத்துப் போய், 'நல்ல நெற்றியுடைய அவள் இப்படி ஆகிவிட்டாள்' என்று அவரிடம் சொல்பவர் கிடைத்தால் நன்றாக இருக்குமே. நிறத்தை வார்த்தையால் சொல்லி அவனுக்குப் புரியவைக்க முடியாது, பூவையே காட்ட வேண்டும் என்று நினைக்கிறாள். எவ்வளவு துல்லியம்! பீர்க்கம்பூவைப் பார்த்தவர்களுக்கு அது மஞ்சள் என்று தெரியும். புதர் பசுமை, பூ மஞ்சள், அவள் கொண்டது பசலை, அதாவது பிரிவால் மேனியில் ஏறும் நிறம்.

குறுந்தொகை 399இல் பரணர் பசலையை ஊருணிப் பாசிக்கு ஒப்பிடுவதை வைத்துப் பச்சைதான் என்று வாதிடுவோர் உண்டு. அங்கே உவமையின் உயிர் நிறத்தில் இல்லை என்பது என் கருத்து. தொடத் தொட விலகுகிறது, விட விடப் பரவுகிறது. அந்த அசைவைத்தான் பரணர் சொல்கிறார்.

உரைகளில் வரும் 'வெளிறியது' எனக்கு ஒப்பவில்லை. வெளிறுதல் என்றால் இருந்த நிறம் வடிந்து போவது. பயத்தில் முகம் வெளிறும், சோகையில் உடம்பு வெளிறும். பசத்தலில் வேறொரு நிறம் வந்து ஏறுகிறது. 'மேனிமேல் ஊரும் பசப்பு' (1182) என்கிறாள் குறளின் தலைவி. குறுந்தொகை 27இல் வெள்ளிவீதியாரோ, தன் மாமை அழகைப் பசலை உண்ண விரும்புகிறது என்கிறார். ஊர்வது, உண்பது, பரவுவது எல்லாம் உயிருள்ள ஒன்றின் செயல்கள். மாமை என்பது மாந்தளிரின் நிறம். அந்த மேனியின் மேல் பொன்மஞ்சள் படர்வதைக் கற்பனை செய்யுங்கள். 'வெளிறியது' என்று எழுதினால் இரண்டு நிறமுமே காணாமல் போய்விடும்.

வேகத்தையும் கவனியுங்கள். நீங்கள் நின்ற குறளில், அணைத்த கையைச் சற்றுத் தளர்த்தினான், அவ்வளவுதான், நெற்றி பசந்துவிட்டது. அடுத்த குறளில் (1239) கையைத் தளர்த்தக்கூட இல்லை. அணைப்பின் நடுவே குளிர்காற்று புகுந்ததற்கே கண் பசக்கிறது.

இன்று எழுதலாமா என்றால், தாராளமாக எழுதலாம். பெயராக வரும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். பசப்பு என்றதும் இப்போது பசப்பு வார்த்தைதான் நினைவுக்கு வரும். அதனால் 'பசலை' என்று எழுதுங்கள், வினைக்குப் 'பசந்தது' போதும். காய்ந்த இலைக்கும் காய்ச்சல்காரர் முகத்துக்கும் இதைப் போடாதீர்கள். இலைக்குப் பழுத்தது இருக்கிறது, முகத்துக்கு வெளிறியது இருக்கிறது. ஒருவர் இல்லாமையால் இன்னொருவர் உடம்பில் ஏறும் நிறத்துக்குத் தமிழில் இந்த வினைதான் இருக்கிறது.