இணையவழிக் கூட்டு ஆராய்ச்சி ஒரு வட்டாரத்தின் காலநிலைத் தகவமைப்புக்கு எப்படி உதவும்?

ஒரு வட்டாரம் காலநிலை மாற்றத்துக்குத் தயாராக, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஆய்வாளர்கள் இணையத்தில் சேர்ந்து வேலை செய்வதால் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பயன் தரவில்தான்.

உலகளாவிய காலநிலை மாதிரிகள், அதாவது வருங்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினி நிரல்கள், பூமியைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. ஒரு கட்டம் ஏறக்குறைய 100 கி.மீ. அகலம். மலையும் கடற்கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதை நம்பி ஒரு வடிகாலின் அளவைக்கூட முடிவு செய்ய முடியாது. உலகக் காலநிலை ஆராய்ச்சித் திட்டத்தின் 'கார்டெக்ஸ்' முயற்சியில் பல நாட்டுக் குழுக்கள் ஒரே விதிமுறைப்படி வட்டார மாதிரிகளை ஓட்டி, 50 அல்லது 25 கி.மீ., ஐரோப்பாவுக்குச் சுமார் 12 கி.மீ. நுணுக்கத்தில் இணையத்தில் பகிர்கின்றன. மாதிரிகள் ஒத்துப்போகும் இடத்தில் துணிந்து திட்டமிடலாம். முரண்படும் இடத்தில், பின்னால் மாற்றியமைக்க வழிவிட்டுக் கட்டுவதே நல்லது.

மாதிரிகளின் கணிப்பைச் சரிபார்க்கப் பழைய பதிவுகளும் வேண்டும். 2020 மார்ச்சில் தொடங்கிய பிரிட்டனின் 'ரெயின்ஃபால் ரெஸ்க்யூ' திட்டத்தில் சுமார் 16,000 தன்னார்வலர்கள், கையால் எழுதிய மழைப் பதிவேடுகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்தார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள்! ஒரே எண்ணைப் பலர் தனித்தனியே பதிந்ததால் பிழைகள் பிடிபட்டன.

ஒன்றை அழுத்திச் சொல்வேன்: உள்ளூர் விவசாயிகளையும் பாசன அதிகாரிகளையும் ஆய்வுக் கேள்வியை வகுக்கும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். 2100-ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலையைவிட, விதைத்த பிறகு எத்தனை நாள் மழை பொய்க்கும் என்பதே அவர்களுக்கு உயிர்நாடி.