கத்திரி வெயிலில் யூனிட் ஏன் குறைகிறது? மாடி சோலார் கேள்வி பதில்

மாடிகளில் சோலார் மாட்டுவதுதான் என் தொழில். கோடை வந்தால் என்னிடம் வரும் கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: அண்ணே, எங்களுக்கு விருதுநகர். மாசியில் வந்த யூனிட் கத்திரி வெயிலில் வரவில்லை. பேனல் போய்விட்டதா?

பதில்: பேனல் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. அதற்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. முதுகில் இருக்கும் ஸ்டிக்கரில் 540 வாட் என்று போட்டிருப்பது, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழுந்து, செல்லின் (பேனலுக்குள் ஒளியை மின்சாரமாக்கும் சில்லு) சூடு 25 டிகிரியாக இருந்தால் கிடைக்கும் கணக்கு. நம் மொட்டை மாடியில் மத்தியானம் காற்றே 38 டிகிரி. அப்போது செல் 65 வரை போகும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனல் ஏறக்குறைய 0.35 சதவீதம் இழக்கும். 25இலிருந்து 65 வரை ஏறிய 40 டிகிரிக்கு 14 சதவீதம். 540 வாட் பேனல் 464 வாட்டில் நிற்கும். கரண்ட் துளி கூடத்தான் செய்யும், அடி வாங்குவது வோல்டேஜ். சாயங்காலம் சூடு இறங்கினால் இந்த இழப்பும் போய்விடும். கூடவே ஒரு தடவை தூசியையும் பாருங்கள்; மழையில்லாத மாதங்களில் அதுவும் யூனிட்டைத் தின்னும்.

கேள்வி: தண்ணீர் அடித்துக் குளிர வைக்கலாமா?

பதில்: உச்சி வெயிலில் வேண்டவே வேண்டாம். கொதிக்கிற கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம். போர் தண்ணீராக இருந்தால் உப்பும் படியும். ஒரு வீட்டில் பேனலின் கீழ் விளிம்பு நெடுக வெள்ளைக் கறை; துணியால் எவ்வளவு தேய்த்தும் வரவில்லை. விடிகாலையில் நல்ல தண்ணீர் விட்டுத் துடையுங்கள்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் மாணவன். சின்ன பேனலை எல்இடி பல்பின் கீழ் வைத்தேன். மீட்டரில் வோல்டேஜ் காட்டுகிறது, மோட்டார் சுற்றவில்லை. ஏன்?

பதில்: நல்ல சோதனை. லேசான வெளிச்சத்திலும் வோல்டேஜ் ஓரளவு எழும்பிவிடும். கரண்ட் அப்படியில்லை, விழும் ஒளிக்கு நேர் விகிதம். உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). பளிச்சென்ற அறையில் 500தான். 200இல் ஒரு பங்கு கரண்டில் மோட்டார் எப்படிச் சுற்றும்? அடுத்து, பழைய குண்டு பல்பின் கீழ் வைத்துப் பாருங்கள். அது தரும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அதில் சுமார் 1100 நானோமீட்டருக்கு மேலான அலைகளை சிலிக்கான் மின்சாரமாக்காது. அவை பேனலைச் சுட வைப்பதோடு சரி. பேனலை பல்புக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்தால், சூடு ஏற ஏற வோல்டேஜ் இறங்குவதை மீட்டரிலேயே பார்க்கலாம். இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: பௌர்ணமி நிலவில் கரண்ட் வருமா?

பதில்: வராது அம்மா. வெயிலின் வெளிச்சம் அதைவிட சுமார் 4 லட்சம் மடங்கு. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் நிலவுக்குக் கண்ணே திறக்காது.

கேள்வி: மழை விட்டதும் மீட்டர் திடீரென எகிறுகிறதே?

பதில்: மழையில் குளிர்ந்த பேனல், கழுவின கண்ணாடி, போதாததற்கு மேக விளிம்பிலிருந்து சிதறி வரும் ஒளி. சில நிமிடங்களுக்கு ஸ்டிக்கர் அளவையே தாண்டும். பயப்படாதீர்கள்.

கேள்வி: தகரக் கொட்டகை மேல் படுத்தாற்போல மாட்டலாமா?

பதில்: மாட்டலாம், ஒட்டி மட்டும் மாட்டாதீர்கள். அடியில் கை தாராளமாக நுழையும் இடைவெளி விட்டால் காற்று ஓடிச் சூட்டை இழுத்துப் போகும். மாட்ட வருபவரிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். பிறகு தூக்கி மாட்டுவது இரட்டைச் செலவு.