செவர்லே பேனல் டிரக்கின் மரத் தரை: கேட்டதும் சொன்னதும்

1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த செவர்லே 'அட்வான்ஸ் டிசைன்' வரிசைப் பேனல் டிரக்கின், அதாவது பின்பக்கம் மூடிய சரக்கு வண்டியின், தரைப் பலகை பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். அரை டன் மாடல் 3105 ஆனாலும் ஒரு டன் மாடல் 3805 ஆனாலும் வேலை ஒன்றுதான், நீளம்தான் வேறு.

அண்ணா, பலகை மேலே நன்றாகத்தான் தெரிகிறது. ஏறி நின்றால் அமுங்குகிறது. மாற்றத்தான் வேண்டுமா?

வண்டிக்கு அடியில் படுத்து, குறுக்குச் சட்டத்தில் பலகை உட்காரும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை புட்டுக்குள் போவதுபோல இறங்கினால் பலகை போய்விட்டது. மூடிய வண்டி என்பதால் மேலே மழை படாது. சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும், பனிக்காலத்தில் சாலையில் போடும் உப்பும் கீழிருந்து வந்து அந்த இடுக்கில் தங்கிவிடும். ஒன்றிரண்டு மட்டும் போயிருந்தாலும் நான் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். சட்டத்தின் துருவைச் சுரண்டி பெயின்ட் அடிக்க வேறு சந்தர்ப்பம் வராது.

நட்டைத் திருகினால் போல்ட் கூடவே சுற்றுகிறது, கழலவில்லை.

போல்ட் தலைக்குக் கீழே உள்ள சதுரக் கழுத்தைப் பிடித்திருக்கும் ஓட்டை துருவில் அகன்றிருக்கும். கீழே நட்டை கிரைண்டரால் வெட்டுங்கள். ஆனால் பெட்ரோல் தொட்டியும் குழாயும் எங்கே போகின்றன என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் இருந்தால் தீப்பொறியே வேண்டாம், நட்டைப் பிளக்கும் கருவி போதும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மூடியிருக்கும் இரும்புப் பட்டையை மட்டும் நெம்பாதீர்கள்.

எந்த மரம் சார் போடலாம்? கடையில் சிவப்பு ஓக் மலிவு.

வெள்ளை ஓக் போடுங்கள். சிவப்பு ஓக்கில் ஒரு சிறு துண்டை அறுத்து, ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதுங்கள், குமிழி வரும். அதன் நுண்குழாய்கள் அத்தனை திறந்தவை. வெள்ளை ஓக்கில் அவை இயற்கையாகவே அடைபட்டிருக்கும், அதனால்தான் மதுப் பீப்பாய் அதில் செய்கிறார்கள். எந்த ஓக் ஆனாலும் ஈரத்தோடு இரும்பு சேர்ந்தால் மரம் கறுக்கும், ஆகவே துருப்பிடிக்காத எஃகு போல்ட்டே நல்லது. பழைய மாதிரியே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு மஞ்சள் பைன் சரி.

பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய பலகை?

வேண்டாம். அதில் இருக்கும் தாமிரம் சாதாரண இரும்பை அரிக்கும். சட்டமும் பட்டையும் இரும்பு, மறக்காதீர்கள்.

பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கிப் போடலாமா?

கூடாது. 6 அங்குல ஓக் பலகையில் ஈரப்பதம் 5 விழுக்காடு ஏறினால், அறுத்த விதத்தைப் பொறுத்து, கிட்டத்தட்ட 3 மி.மீ. வரை அகலும். இடைவெளியைப் பட்டை மறைத்துவிடும். போல்ட் பலகையைத் துளைக்காமல் இரண்டுக்கும் நடுவே இறங்கட்டும்.

வார்னிஷ் எத்தனை கோட்?

எத்தனை என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். நான் போட்ட முதல் தரையில் மேலே நான்கு கோட், கீழே ஒன்றும் இல்லை. ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு பலகையும் நடுவில் குழிந்து ஓரங்கள் மேலே எழும்பிவிட்டன, கீழ்ப்பக்கம் ஈரம் குடித்து விரிந்ததால். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி செய்தேன். இப்போது பூட்டும் முன்பே ஆறு பக்கமும் அடிக்கிறேன். அறுத்த முனைகள் வார்னிஷைக் குடித்துக்கொண்டே இருக்கும், அவை குடிப்பதை நிறுத்தும்வரை விடாமல் அடிக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியில் காயப்போடுங்கள்.

பழைய பலகைகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

ஐயோ, அவசரப்படாதீர்கள்! சக்கர வளைவை ஒட்டிய பலகையின் வெட்டு உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. இற்றுப்போயிருந்தாலும் அட்டையில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். பட்டைக்கு அடியில் இருந்த விளிம்பையும் பாருங்கள், பழைய வண்ணம் ஒரு கோடாக அங்கே மிஞ்சியிருக்கலாம். புதுப் பலகை கடைசி போல்ட் வரை பொருந்திய பிறகு எடுத்துப் போடலாம்.