நின்றதும் கை மறந்ததா?

அன்புள்ள ஐயா,

நான் இணுவிலில் நான்கு வருடமாகத் தவில் பழகுகிறேன். இருந்து வாசிக்கும்போது பிசகில்லை. போன மாதம் ஊர்க்கோயில் திருவிழாவில், சுவாமி வெளிவீதி வரும்போது, ஆசிரியர் தன் தவிலை என் தோளில் மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னார். வலக்கை ஒருவாறு போனது. இடக்கைக் கழிதான் தொப்பியின், அதாவது தவிலின் இடப்பக்க முகத்தின், விளிம்பில் விழுந்து விழுந்து ஓசையைக் கெடுத்தது. கேட்டால், “நிண்டு பழகு, வந்திடும்” என்கிறார். நான்கு வருடம் பழகியது எங்கே போனது? திரும்பவும் முதலிலிருந்தா?

அன்புள்ள தம்பி,

முதலிலிருந்து அல்ல. சொற்கட்டு, அதாவது வாசிக்கும் தாளச்சொற்களின் கோர்வை, மறந்ததென்று நீங்கள் எழுதவில்லை, தாளம் போனதென்றும் எழுதவில்லை. கழி விழுந்த இடம்தான் பிழை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷாட்மெர், முசா-இவால்டி என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு ரோபோவின் கைப்பிடியைப் பிடித்தபடி, புள்ளிக்குப் புள்ளி கையை நகர்த்த வேண்டும். நகரும்போது கைப்பிடி கையைத் தள்ளும். வேகம் கூடினால் தள்ளலும் கூடும். முதலில் கை வளைந்து வளைந்து போகும். நூற்றுக்கணக்கான தடவை செய்த பிறகு நேராகிவிடும். அப்போது சொல்லாமல் விசையை நிறுத்தினால் கை எதிர்ப்பக்கம் வளையும். நிறைந்த வாளி என்று நினைத்து வெறும் வாளியைத் தூக்கினால் கை துள்ளுமே, அதுபோல.

அப்புறம் அதே ஆளைக் கையை வேறொரு பக்கம் வைத்துச் செய்யச் சொன்னார்கள். விசை பழைய திசையிலேயே தள்ளியபோது பழக்கம் கைகொடுக்கவில்லை. தோளும் முழங்கையும் திரும்பிய அளவுக்கு விசையையும் திருப்பிவிட்டபோது கைகொடுத்தது. ஆக, மூளை ‘இடப்பக்கம் தள்ளு’ என்று எழுதிவைக்கவில்லை. மூட்டுக்கு மூட்டு எவ்வளவு பலம் என்றே எழுதிவைத்திருக்கிறது.

எல்லாப் பழக்கமும் இப்படியில்லை. திரையில் கையின் இடத்தைக் காட்டும் குறியை 30 பாகை திருப்பிவிட்டுப் பழக்கிய இன்னொரு பரிசோதனை, கிராக்கவரும் அவருடைய சகாக்களும் செய்தது, 2000இல் வந்தது. அதில் கையின் நிலையை மாற்றினாலும் பழக்கம் கூடவே வந்தது. கண்ணுக்குத் தெரியும் திசையில்தான் அது பதிந்திருந்தது. ஆனால் பழகிய திசையை விட்டு விலக விலகக் குறைந்தது.

இரண்டிலும் ஆட்கள் செய்தது கையை நீட்டுவது மட்டும்தான், தவில் அடிக்கவில்லை. ஆகவே இனி வருவது என் ஊகம். சொல்லின் வரிசையும் காலமும் உங்களோடு எழுந்து நின்றுவிட்டன. கொப்பியில் எழுதும் அதே கையெழுத்து கரும்பலகையில் தோளால் எழுதும்போதும் வருகிறதல்லவா? எழும்பாதது பலக்கணக்கு. இருக்கும்போது தவிலின் பாரம் நிலத்தில். நின்றால் அது பட்டையில் தொங்கித் தோளை இழுக்கிறது, நடந்தால் ஆடுகிறது, முழங்கையின் மடிப்பும் மாறிவிடுகிறது. பழைய கணக்கில் அடித்தால் கழி வேறிடத்தில்தான் விழும்.

என் அம்மா ஐம்பது வருடம் திருவலையில் இருந்து தேங்காய் துருவியவர். முழங்கால் வலிக்கிறதென்று மேசையில் பூட்டும் அலகு ஒன்றைத் தம்பி வாங்கிவந்தான். முதல் நாள் தேங்காய்ப்பூ வெள்ளையாக வரவில்லை. சிரட்டை வரைக்கும் போய்ப் பழுப்பாக வந்தது. அம்மா சட்டியைப் பார்த்தார், அலகைப் பார்த்தார், “இது சரியில்லை” என்றார். இரண்டு கிழமையில் பழைய திருவலை கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

உங்கள் ஆசிரியர் சொன்னது சரிதான், கொஞ்சம் சிக்கனமாகச் சொல்லிவிட்டார். நேரே வெளிவீதிக்குப் போகாதீர்கள். வீட்டில் ஓர் உயர வாங்கில் இருந்து, பட்டையைத் தோளில் போட்டு வாசியுங்கள். பிறகு அசையாமல் நின்று. பிறகு நடந்து. ஒவ்வொன்றிலும் தெரிந்த சொல்லையே, மெதுவாக.

இன்னொன்று. அன்று தோளில் கிடந்தது ஆசிரியரின் தவில், அவருடைய உயரத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டை. அவர் உங்களைவிட உயரமா, கட்டையா?